தோட்டத்துச் சாவி யார் கையில்? முகாம் தோட்டம் பற்றிச் சில கேள்விகள்

தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடிப் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பெண்களோடு சேர்ந்து ஆறு வருடமாகக் காய்கறி போட்டு வருகிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது.

சிங்கப்பூரில் இருப்பவர், சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம்: ஆச்சி வீடு பூட்டிக் கிடக்கு. பின்கட்டுக்கு அப்பால் முப்பது சென்ட் சும்மா இருக்கு, கிணறும் உண்டு. முகாம் ஆளுங்க தோட்டம் போடக் கேக்குறாங்க. பங்காளிங்க, "விட்டா எழும்ப மாட்டாங்க"ன்னு பயப்படுறாங்க. என்ன செய்யலாம்?

முதலில் பங்காளிகள் எல்லோரையும் ஒரே பேச்சுக்குக் கொண்டு வாருங்கள். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் பதினாறு புள்ளி, அதாவது பங்குள்ள பதினாறு குடும்பம், இருக்கும். ஒருவர் சரி என்று சொல்லி, இன்னொருவர் தைக்கு ஊருக்கு வந்து "யாரைக் கேட்டு மண்ணைத் தோண்டினே?" என்று கத்தியதை நேரில் பார்த்தவள் நான். அன்றைக்குக் கத்தரி காய்க்கிற பருவம்.

பயத்துக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் முகாம் மக்கள் இன்னும் வெளிநாட்டவர். விவசாய நிலம் வாங்க முடியாது, பட்டா அவர்கள் பெயரில் ஏறாது. இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடு. அதனால் அகதி என்று தனியாக ஒரு உரிமையும் கிடையாது. உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒரு வருடம் எருவும் தழையும் போட்டு மண்ணைச் சாப்பிடுகிற பதத்துக்குக் கொண்டு வந்த பிறகு "காலி பண்ணுங்க" என்றால் எங்கே போய்ச் சொல்வார்கள்?

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடம், எத்தனை வருடம் (மூன்றுக்குக் குறைய வேண்டாம்), கிணற்றுத் தண்ணீர் உண்டா, கரண்ட் பில் யார் கட்டுவது, திருப்பிக் கேட்டால் நிற்கிற பயிரை அறுத்துக்கொள்ள எத்தனை நாள். முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளருக்கு ஒரு நகல். பிறகு முக்கியமான விஷயம்: பின்வாசல் கதவுக்கு இன்னொரு சாவி செய்து மகளிர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். வாட்ச்மேன் வந்து திறந்தால்தான் தண்ணீர் என்றால் அது அவர்கள் தோட்டம் இல்லை, உங்கள் தோட்டத்தில் அவர்கள் கூலியில்லாத வேலைக்காரர்கள்.

முகாமில் இருந்து ஒரு தங்கச்சி: எங்கட வீட்டுக்கு முன்னால ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் இடம் அக்கா. அதுக்குள்ள என்ன போடலாம்?

சாக்குத் தோட்டம் போடம்மா. அரிசிச் சாக்கு போதும். சிமெண்ட் சாக்கு என்றால் நன்றாக உதறிக் கழுவு, ஒட்டியிருக்கிற தூள் மண்ணைக் கெடுக்கும். அடிப்பக்கம் அறுத்த பழைய பெயின்ட் டப்பா ஒன்றைச் சாக்கின் நடுவில் நிறுத்தி, அதற்குள் கல்லும் ஓட்டுச் சில்லும் போடு. சுற்றி மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மண் ஏற ஏற டப்பாவை மேலே உருவி, மறுபடி கல் போட்டுக்கொண்டே வா. முடித்தால் நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். தண்ணீரை அந்தத் தூணில் ஊற்றினால் அடிவரைக்கும் பரவும். பக்கவாட்டில் கத்தியால் கீறிக் கீரை நாற்றைச் செருகு, உச்சியில் ஒரு கத்தரியோ மிளகாயோ. கென்யாவின் அகதி முகாம்களில் பெண்கள் இதே முறையில்தான் கீரை எடுக்கிறார்கள்.

முதலில் சிறுகீரை போடு, இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழையும். முதல் கட்டுக் கீரை சட்டிக்கு வந்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களும் தண்ணீர் ஊற்ற வருவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: நாட்டு நலப்பணித் திட்டத்துல முகாமுக்கு நூறு கன்று கொடுக்கலாம்னு இருக்கோம் மேடம். எது நல்லது?

இந்தத் தப்பை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன் தம்பி, நீங்கள் செய்ய வேண்டாம். முதல் வருடம் ஆடிப்பட்டத்தில் நானே முடிவு செய்து முருங்கைக் கன்று இறக்கினேன். பி.கே.எம்.-1 என்கிற ரகம், ஆறு மாதத்தில் காய்க்கும், சத்து, வறட்சி தாங்கும் என்று அரைமணி நேரம் பேசவும் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆட்டுக்குப் போயிருந்தது, மீதியைக் காப்பாற்ற யாருக்கும் மனசில்லை. எனக்குக் கோபம்.

அங்கே ஒரு பாட்டி, அவர்கள் வழக்கில் அம்மம்மா, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். குளியல் மறைப்புக்குப் பின்னால் அடி நசுங்கிய ஒரு குடத்தில் தாழை மாதிரி நீள இலையோடு ஒரு செடி. ரம்பை. ஒரு துண்டு நறுக்கிக் கறியில் போட்டால் வாசம் தெருவுக்கே வரும். வேறு முகாமில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து பக்கக் கன்று வாங்கி வந்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீரிலேயே பல வருடம் வளர்த்திருக்கிறார். "பிள்ளை, முருங்கை ரோட்டோரத்திலயும் நிக்குது. இது கடையில கிடைக்குமோ?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

அடுத்த தடவை கன்றை இறக்குவதற்கு முன்னால் கேட்டேன். வல்லாரை, பொன்னாங்காணி, கறிமிளகாய் (காரம் குறைந்த பெரிய மிளகாய்), பயிற்றங்காய் என்று வந்தது பட்டியல். பயிற்றங்காய் நம் ஊர்த் தட்டைப்பயற்றங்காயின் நீளமான அக்கா. வல்லாரையை அவர்கள் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுவார்கள். நாம் அதை மருந்துக்கடைச் சரக்காக்கிவிட்டோம். போங்கள், கையில் நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், கன்று பிறகு வாங்கலாம்.

புதுவயல் பக்கம், பெயர் வேண்டாம் என்றவர்: நம்ம ஊர்க்காரனுக்கே தண்ணி இல்ல. இவங்களுக்குத் தோட்டம் ஒரு கேடா?

கேட்டதில் தப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்துச் சதுர மீட்டர் காய்கறிக்குக் கோடையில் நாளைக்கு ஐம்பது லிட்டர் போதும். அதுவும் குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீராகவே பெரும்பாலும் தேறிவிடும். சோப்பு நுரை அதிகமென்றால் முதலில் கல்வாழைக்கும் வாழைக்கும் விட்டு, தெளிந்ததை எடுத்தால் சரி. மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் பத்து சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். சிந்தினது போக ஏழாயிரமாவது பிடிக்கலாம். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்தும், தெருத் தண்ணீரை ஊரணிக்குத் திருப்பியும் இந்த வறண்ட சீமையில் குடித்தனம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதை நான் சொல்லித் தர வேண்டுமா?

இன்னொன்று. 1942-ல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தவர்கள் கதை நம் பக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? 1960-களில் மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரங்கூனிலிருந்து கப்பலேறியவர்கள்? என் அப்பத்தா கடைசிவரை மொகிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஊரை இழந்தவர்களுக்கு நாக்குதான் கடைசியாக மறக்கும் போல.

சென்னையிலிருந்து ஒருவர்: இதனால வருமானம் வருமா, இல்ல மனசுக்கு ஆறுதல் மட்டும்தானா?

வருமானம் என்று பெரிதாக ஆசை காட்ட மாட்டேன். 2021-ல் அரசு உதவித்தொகையை உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று வைத்தது. அந்தக் கணக்கில் வாழ்கிற வீட்டில் காய்கறிச் செலவு பாதி குறைந்தாலே பெரிய விஷயம். மிஞ்சினதை விற்பதில்தான் சிக்கல். உழவர் சந்தை அட்டை வாங்கச் சாகுபடி நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். நிலமே இல்லாதவர்கள் எங்கே போவது? எங்கள் குழு சாயங்காலம் நாலரைக்கு முகாம் வாசலிலேயே கூடை வைக்கிறது. ஊர் ஆச்சிமார் கறிமிளகாய் வாங்கிப் போய் மண்டி (அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற புளிக்குழம்பு) வைக்கிறார்கள். கூடைக் காசு குழுவின் நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டை எழுதுகிறவர் பத்தாவது படித்த ஒரு பெண். வங்கிக்குப் போய்ப் படிவம் நிரப்பவும் இப்போது அவரைத்தான் தேடுகிறார்கள்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் என்று ஒரு ஊர். போஸ்னியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த பெண்களிடம் "இங்கே உங்களுக்கு எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டபோது, "எங்கள் தோட்டம்" என்றார்களாம். 1996-ல் அங்கே பல நாட்டவரும் சேர்ந்து பயிரிடும் தோட்டம் தொடங்கியது. பிறகு ஜெர்மனி முழுக்க அந்த மாதிரித் தோட்டங்கள் பரவின. எனக்கு அதில் பிடித்தது, முதலில் கேள்வி கேட்டார்கள் என்பதுதான்.

முகாமில் பிறந்த ஒரு தம்பி, வயது 19: எங்க தாத்தாவும் தோட்டம்தான், அப்பா பெயின்ட் வேலை. நான் பி.காம். படிக்கிறேன். என்னையும் ஏன் மண்வெட்டி பிடிக்கச் சொல்றீங்க?

சொல்லவில்லை. நீ பிடிக்க வேண்டாம். தோட்டம் வேண்டுமென்று கேட்பவர்களுக்குத்தான் தோட்டம். குடியுரிமைக்கும் வேலைக்கும் பதிலாக இரண்டு கத்தரிச் செடியைக் கையில் கொடுத்து யாராவது போட்டோ எடுத்தால், அந்தப் போட்டோவில் நிற்காதே. நேரம் இருந்தால் சனிக்கிழமை அந்த நோட்டுக் கணக்கை மட்டும் சரிபார்த்துக் கொடு, சென்ற மாதம் நாற்பது ரூபாய் இடிக்கிறது.

கோட்டையூர்: மண் ஒரு அடிக்குக் கீழ செம்புறாங்கல்லா இருக்கு. கடப்பாரை இறங்கல.

இறக்காதீர்கள். மேலே கட்டுங்கள். உடைந்த ஓடு, கல் எதையாவது வைத்து முக்கால் அடி உயரம் பாத்தி கட்டி மண் கலவையைக் கொட்டிவிடுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தச் செம்மண்ணைப் பார்த்ததும் "எங்கட செம்பாடு மாதிரி" என்று சந்தோஷப்படுவார்கள். அங்கே அடியில் சுண்ணாம்புக்கல், இங்கே செம்புறை. தொழு எருவும் மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்புகிற சருகு, வைக்கோல்) இல்லாமல் இது ஒன்றும் தராது.

அதே முகாமிலிருந்து, நேற்று இரவு: அக்கா, மயில் வந்து தக்காளி முழுக்கக் கொத்திப் போட்டுது. என்ன செய்யிறது?

பழைய சேலையைப் பாத்தியைச் சுற்றிக் கட்டு. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கட்டும், காற்றில் ஆடுகிற மாதிரித் தொளதொளவென்று விடு. மயில் மேலிருந்து இறங்காதபடி குறுக்கே நாலைந்து கயிறும் இழுத்துக் கட்டு. ஒரு வாரம் பயப்படும், பிறகு பழகிவிடும். அப்போது சேலையை இடம் மாற்று. காயைச் செங்காயாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க வை. சேலை போதாவிட்டால் சொல், என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டு வருகிறேன்.