பச்சைக் குளம், சிவப்பு ஏரி: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் குளத்தில் விடியற்காலையில் பெயின்ட் கொட்டியதுபோல் பச்சை மிதக்கிறது. பிற்பகலில் அடங்கிவிடுகிறது. இது என்ன?

பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். நீலப்பச்சைப்பாசி என்று அழைத்தாலும் இது பாக்டீரியா. செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் இதை மிதக்கவைக்கின்றன. வெயிலில் மாவுச்சத்து சேரச் சேர எடை கூடிக் கீழிறங்கும். இரவில் அதைச் செலவழித்துவிட்டு விடியலில் மேலேறும். கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் அள்ளி ஓரிரவு அசையாமல் வையுங்கள். பச்சை மேலே திரண்டால் சந்தேகம் வலுக்கிறது. விஷம் உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். அதுவரை படலம் ஒதுங்கும் கரையில் மாடுகளை இறக்காதீர்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

திருவையாற்றிலிருந்து: மேட்டூர் அணைபோல ஆழமான நீரில் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள், அம்மா. மேட்டூரிலேயே பச்சைப் படலம் ஒதுங்கி நாற்றமெடுத்த செய்திகள் வந்திருக்கின்றன. ஆழமான நீரில் வெயில் மேல்நீரைச் சூடாக்கும். குளிர்ந்த அடிநீர் கனமாகத் தனியே கிடக்கும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும், வண்டலில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கரைந்து வெளியேறி, பின்னர் பாசிக்குத் தீனியாகும்.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி. ஆழம் 136 மீட்டர். அங்குள்ள பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபசென்ஸ் என்ற சிவப்பு இனமும் நீலப்பச்சைப்பாசி வகைதான். அது கோடையில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில், சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் அடுக்கில், மங்கிய வெளிச்சத்தில் குடியிருக்கும். கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் தெளிவாகவே தெரியும். குடிநீர்க் குழாயின் வாய் அந்த ஆழத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஏரி கலங்கி, மேல்நீரும் அடிநீரும் ஒன்றாகும்போதுதான் அது மேலே வரும். அதே நாட்டின் மூர்ட்டன் ஏரி சிவந்தபோது, 1476ஆம் ஆண்டுப் போரில் மாண்ட பர்கண்டி வீரர்களின் ரத்தம் என்று ஊரார் சொன்னார்கள். 1825இல் தாவரவியலாளர் தெ காந்தோல் ஏரியைச் சிவக்கவைத்த இதே இனத்தை விவரித்துப் பெயரிட்டார்.

சூரிச்சில் பாஸ்பரஸைப் பெருமளவு குறைத்தும் இந்த இனம் ஒழியவில்லை. முன்பு கடுங்குளிரில் ஏரி அடிவரை கலங்கும். ஆழத்து அழுத்தத்தில் காற்றறைகள் நசுங்கி, பாசியில் பெரும்பகுதி அழியும். இப்போது குளிர் குறைந்துவிட்டதால் அந்தக் கலக்கம் பல ஆண்டுகளில் முழுமையாக நிகழ்வதில்லை. நம் வெதுவெதுப்பான நீருக்குப் பழகியது மைக்ரோசிஸ்டிஸ்தான். ஆனாலும் மேல்நீரை மட்டும் பார்த்து ஓர் ஏரியை நல்லது என்று சொல்லக் கூடாது. ஆழம் ஆழமாக மாதிரி எடுக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து: காய்ச்சிக் குடித்தால் போதுமா? மயில்துத்தம் போட்டுக் கொன்றுவிடலாமா?

இரண்டும் வேண்டாம். இந்தப் பாசிகள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதியில் அழியாது, கல்லீரலைத் தாக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். துத்தம் போட்டால் செல்கள் உடைந்து, உள்ளிருந்த நஞ்சு முழுவதும் ஒரேயடியாக நீரில் கலக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த நீரால் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரத்தநாட்டு விவசாயி: நடவு வயலில் நான் அசோலா போடுகிறேன். அதிலும் நீலப்பச்சைப்பாசி உண்டாமே?

உண்டு, தைரியமாகப் போடுங்கள். அசோலா நீரில் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலைக்குள் வாழும் அனபீனா என்ற நீலப்பச்சைப்பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தருகிறது. நான் உங்களிடம் கேட்பது வேறொன்று: டி.ஏ.பி. உரம் போட்ட கையோடு வடிகால் மடையைத் திறந்துவிடாதீர்கள். அதிலுள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்குத்தான் போகிறது.