சொன்னால் சரியாகிவிடுமா? மனசும் உடம்பும்: கேள்வி பதில்

புதுச்சேரியில் பல வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். ‘நல்ல வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எல்லாம் நடக்கும்’ என்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மாணவி, லாஸ்பேட்டை): தினமும் கண்ணாடி முன் நின்று ‘எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்’ என்று சொல்கிறேன். முடித்ததும் அழுகைதான் வருகிறது. நான் சரியாகச் சொல்லவில்லையா?

உங்கள் மேல் தப்பே இல்லைம்மா. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரியவள்’ என்ற மாதிரி வாக்கியத்தைச் சொன்னபோது, ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களின் மனநிலை இன்னும் கீழே போனது. நம்ப முடியாததைச் சொன்னால் உள்ளே ஒரு குரல் ‘பொய்’ என்று வாதாட ஆரம்பித்துவிடுகிறது. நடந்ததைச் சொல்லிப் பாருங்கள்: ‘இன்று வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டேன்.’ அதோடு யாரும் சண்டை போட முடியாது.

கேள்வி (வில்லியனூர்): பையனுக்கு வீசிங். ‘என் நுரையீரல் நலமாக இருக்கிறது’ என்று சொல்லவைத்தால் மூச்சு லேசாகிறது என்கிறான். இன்ஹேலரை விட்டுவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து விடாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவில் 39 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சில நாள் ஒன்றுமே கொடுக்கவில்லை. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், மருந்துக்கும் போலிக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில், நன்றாக இருக்கிறது என்று. ஊதவைத்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்தில், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 20 சதவீதம் கூடியது. போலியில் 7 சதவீதம்தான். ஒன்றும் கொடுக்காத நாளிலும் அதே 7.

மூச்சு லேசானதாகத் தோன்றுவது வேறு, மூச்சுக்குழாய் திறப்பது வேறு. நன்றாகத் தோன்றும்போதே உள்ளே இறுகிக்கொண்டிருந்தால், மருத்துவமனைக்குத் தாமதமாகத்தான் போவோம். அவன் பயத்தைக் குறைக்க அந்த வாக்கியம் இருக்கட்டும், மருந்து இழுத்த பிறகு.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை): இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரரிடம் இருந்து ஐயா, பெரும்பாலும். 1926-ல் இறந்தார். ‘ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வகையிலும் நான் மேலும் மேலும் நலமாகிறேன்’ என்று காலையும் இரவும் இருபது முறை சொல்லச் சொன்னார். மருந்தோடு சேர்த்து நல்ல வார்த்தை சொன்னபோது பலன் கூடியதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார்.

கேள்வி (கடலூர் முதுநகர்): அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது. ‘நீ பாசிட்டிவாக இல்லை, அதான்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மாவும் அதையே நம்பி அழுகிறார்.

இந்தப் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மனசு இதை வரவைக்கவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை, சோர்ந்திருந்தவர்கள் சீக்கிரம் போகவுமில்லை. மார்பகப் புற்றுநோய்க்காரர்கள் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே குழுவினர் மறுபடி செய்து 2007-ல் வெளியிட்டபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் அப்படிப் பேசியவர்களுக்கு வலியும் வேதனையும் குறைந்தன. அதனால் அழத் தோன்றினால் அழுங்கள். சிரித்தே ஆக வேண்டும் என்ற வேலையை யாரும் உங்கள் தலையில் வைக்கக் கூடாது.

கேள்வி (ரெயின்போ நகர்): 2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. இப்போதும் மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. ‘எனக்குப் பயமில்லை’ என்று நூறு தடவை சொல்லியும் போகவில்லை.

‘பயமில்லை’ என்பதை விட்டுவிட்டு, ‘பயமாக இருக்கிறது, இது மழைதான்’ என்று சொல்லுங்கள். இதயத்துக்கு நேராகக் கட்டளை போட முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, வெளியே விடுவது நீளமாக. அப்படி விடும்போது துடிப்பு கொஞ்சம் இறங்கும். அப்புறம் முக்கியமான காகிதங்களை மேல் அலமாரிக்கு ஏற்றிவையுங்கள், அதுவும் பயத்துக்கு மருந்துதான். இவ்வளவு செய்தும் தூக்கம் வராவிட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.