கேளுங்க, சொல்லுறம்: நெஞ்சுக்குள்ள ஜீன் போய்ச் சேருற பாடு

கே: எங்கட அக்காட மகள் லண்டன்ல இருக்கிறா, பிறந்ததிலயிருந்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வருத்தம். பழுதான ஜீனுக்குப் பதிலா நல்லதை நெபுலைசரால குடுக்கலாமெண்டு எத்தினையோ வருசமாச் சொல்லுறாங்க. ஜீனை 1989லயே கண்டுபிடிச்சாச்சாமே, பிறகென்ன இவ்வளவு சுணக்கம்? (ஒரு சித்தி, வெள்ளவத்தை)

ப: ஜீன்ல பிரச்சினையில்ல அக்கா, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுலதான். உப்பையும் தண்ணியையும் சரியா விடுற ஒரு புரதத்தைச் செய்யிற சிஎஃப்டிஆர் ஜீன் அது, பழுதானா சளி காய்ஞ்சு பசையாகி கிருமி குடியேறிடும். லெப்ல வளர்த்த செல்லுக்குள்ள நல்ல ஜீனைப் போட்டுச் சரிபண்ணுறது 1990லயே முடிஞ்சுது. ஆனா உயிரோட இருக்கிற ஆளின்ட நுரையீரல் இருக்கே, வெளியில இருந்து வாற எதையும் பிடிச்சுத் துப்புறதுக்கெண்டே அமைஞ்சது, அதுக்கு தூசும் ஒண்டுதான் நாங்க அனுப்புற மருந்தும் ஒண்டுதான்.

முதல் கண்டம் நெபுலைசர் கப்புக்குள்ளயே. மருந்து துள்ளிப் புகையா வாறதைப் பாத்திருப்பீங்க, அதில கன துளி உள்ளுக்க இருக்கிற தடுப்புல அடிபட்டுத் திரும்பக் கீழ விழுந்து திரும்ப மேல போய்த்தான் வெளியால வரும். ஜீன் எழுதியிருக்கிற நீளமான டிஎன்ஏ வெறுமையா அப்பிடிப் போனா துண்டு துண்டாகிடும். அதால கொழுப்பால சுத்திப் பொதி பண்ணுறாங்க, மெஷ் நெபுலைசர் எண்டு மெல்லமாத் தெளிக்கிற மெஷினும் பாவிக்கிறாங்க. துளியின்ட சைஸும் முக்கியம், 5 மைக்ரோனுக்கு மேல போனா தொண்டையிலயே ஒட்டிக்கொள்ளும், 1க்குக் கீழ போனா மூச்சோட வெளியால போயிடும்.

அடுத்தது சளி. இந்த வருத்தக்காரரின்ட சளியில செத்த வெள்ளையணுக்களின்ட டிஎன்ஏயும் கலந்திருக்கும், அதுக்கு நெகட்டிவ் சார்ஜ், எங்கட கொழுப்புப் பொதிக்கு அனேகமா பொசிட்டிவ் சார்ஜ், பிறகென்ன, பட்ட இடத்திலயே ஒட்டிடும். பலாப்பழம் வெட்ட முதல் கையில எண்ணெய் பூசுறமே, அந்த மாதிரி பொதிக்கு மேல பெக் எண்ட ஒரு பூச்சுப் போட்டா சளியில ஒட்டாம வழுக்கிக்கொண்டு போகும். ஆனா பூச்சு கூடினா செல்லும் அதைப் பிடிக்காது! வழியில ஒட்டவும் கூடாது, போய்ச் சேர்ந்த இடத்தில ஒட்டவும் வேணும், ஆராய்ச்சிக்காரர் தலையில கைவச்சுக்கொண்டு இருக்கிறது இதாலதான்.

செல்லுக்குள்ள போனாலும் ஒரு குமிழிக்குள்ளதான் முதல்ல மாட்டும், அதை உடைச்சுக்கொண்டு வெளியால வரணும். இதே மாதிரிக் கொழுப்புப் பொதியில ஆர்என்ஏ எண்ட டிஎன்ஏட சொந்தக்காரனை அனுப்பி எண்ணிப் பாத்ததில நூற்றுக்கு ஒண்டு ரெண்டுதான் தப்பி வந்திருக்கு. டிஎன்ஏ எண்டா அதுக்குப் பிறகு செல்லுக்குள்ள இருக்கிற கருவுக்குள்ளயும் (நியூக்ளியஸ்) போகணும், மூச்சுக்குழாய் செல் லேசில பிரியாது, பிரியாட்டி கருவின்ட கதவும் லேசில திறக்காது.

இவ்வளவுக்கும் நடுவில 2015ல பிரிட்டன்ல ஒரு பெரிய ட்ரையல் முடிவு வந்துது. 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 136 பேருக்கு ஒரு வருசம், மாசத்துக்கு ஒருதரம், கொழுப்புல பொதிஞ்ச ஜீனையோ வெறும் உப்புத்தண்ணியையோ நெபுலைசரால குடுத்தாங்க. ஜீன் எடுத்தவங்களின்ட மூச்சு அளவு பெரிசாக் கூடயில்ல ஆனா இருந்த மட்டில நிண்டுது, மற்றவங்களுக்கு இறங்கினது, வித்தியாசம் 3.7 வீதம். சிலர் இதைத் தோல்வி எண்டு எழுதினாங்க. எனக்கு அப்பிடித் தெரியல்ல, ஜீனைச் சுமக்க வைரஸைப் பாவிக்காம திரும்பத் திரும்பக் குடுத்து அசைவொண்டைக் காட்டினது லேசுப்பட்ட வேலையா?

உங்கட மகளுக்கு முதல்ல கேக்கவேண்டியது வேற. இந்த வருத்தத்துக்கெண்டு 2019ல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச மூண்டு மருந்துக் கூட்டுக் குளிசை இப்ப அங்கயும் இருக்கு. பத்தில ஒருத்தர் அளவுக்கு அந்தக் குளிசை சரிவராது, அவங்களுக்குப் புரதமே உருவாகாத மாதிரியான பழுது இருக்கலாம். அவ எந்த வகையெண்டு அங்கத்த கிளினிக்ல கேக்கச் சொல்லுங்க.

கே: வைரஸ் செல்லுக்குள்ள போறதில கெட்டிக்காரன்தானே, அதையே பாவிச்சா என்ன? ஏ/எல் பயோ செய்யிறன். (கொட்டாஞ்சேனை மாணவன்)

ப: பாவிச்சுப் பாத்தாச்சு தம்பி, 1993லயே அடினோவைரஸ் எண்ட தடிமன் வைரஸ்ல ஜீனை வச்சு இந்த வருத்தக்காரருக்குக் குடுத்தாங்க. உடம்பு வைரஸை ஞாபகம் வச்சிருக்கும், அடுத்தமுறை வரேக்க அடிச்சுக் கலைச்சிடும். மூச்சுக்குழாய் செல்லோ கொஞ்சக் காலத்தில உதிர்ந்து புதுசு வரும், திரும்பக் குடுக்காம முடியாது. ஏஏவி எண்ட இன்னொரு வைரஸ் இருக்கு, அதுக்குள்ள ஏறக்குறைய 4,700 டிஎன்ஏ எழுத்துத்தான் கொள்ளும், சிஎஃப்டிஆருக்கு மட்டுமே 4,400க்கு மேல வேணும். 1999ல பிலடெல்பியாவில ஈரல் குறைபாட்டுக்கு அடினோவைரஸ் குடுத்த 18 வயசுப் பொடியன் இறந்ததும் எல்லாரையும் பயப்படுத்திப் போட்டுது. ஆனா ஒண்டு, அந்த 2015 ட்ரையலைச் செய்த குழுவே பிறகு லென்டிவைரஸ் எண்ட வேறொரு வைரஸ் பக்கமும் திரும்பினாங்க, அதால வைரஸ் முடிஞ்ச கதை எண்டு எக்ஸாமுக்கு எழுதிடாத.

கே: கொவிட் ஊசியும் கொழுப்புப் பொதிதானே, அதையே மூச்சில இழுத்தா? (தெமட்டகொடை)

ப: நல்ல யோசனை, அதைத்தான் இப்ப கனபேர் துரத்துறாங்க. அந்த ஊசியில இருக்கிற எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யச் சொல்லுற ஆர்என்ஏக்கு, கருவுக்குள்ள போகத் தேவையில்ல, ஒரு கண்டம் மிச்சம். ஆனா ஊசிக்கெண்டு செய்த பொதி நெபுலைசர்ல அடிபட்டா உருக்குலைஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டிடும், கொழுப்புக் கலவையை மாத்தித்தான் செய்யணும். 2021ல அப்பிடி ஒரு எம்ஆர்என்ஏ மருந்தை இழுக்கக் குடுத்துப் பாத்ததில ஆபத்தில்ல, மூச்சும் கூடயில்ல. நாளத்தால ஏத்தினா அனேகமா ஈரலுக்குத்தான் போகும். 2020ல டெக்சாஸ்ல ஒரு குழு நிரந்தர பொசிட்டிவ் சார்ஜ் உள்ள கொழுப்பைச் சேர்த்து, எலியில அதை நுரையீரல் பக்கம் திருப்பிக் காட்டிச்சு. எண்டாலும் ரத்தப் பக்கத்தால வந்தா முதல்ல தொடுறது ரத்தக்குழாய்ச் சுவரை, எங்களுக்கு வேண்டியது காத்துப் படுற பக்கம்.

கே: அப்பாவுக்கு ஆஸ்துமா. ஜீன் தெரப்பியால சுகப்படுத்துறமெண்டு வட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் வந்துது, காசு கட்டலாமா? (மட்டக்குளி)

ப: ஒரு சதமும் கட்டாதீங்க. ஆஸ்துமா ஒரு ஜீன்ல வாறதில்ல, கனக்க ஜீனும் தூசும் புகையும் சேர்ந்தது, அதுக்கு அப்பிடியொரு சிகிச்சை எங்கயும் விக்கிறதுக்கு இல்ல. வெலிசறை ஆஸ்பத்திரிக்கோ கிட்ட இருக்கிற கிளினிக்குக்கோ கூட்டிக்கொண்டு போய், அப்பா பஃப் அடிக்கிற விதத்தை நேர்ஸுக்கு முன்னால ஒருக்காச் செய்து காட்டச் சொல்லுங்க. கனபேர் அடிக்கிற மருந்து நாக்கிலயும் தொண்டையிலயும்தான் நிக்குது. பஃப்ல மாட்டுற குழாய் மாதிரி ஸ்பேசர் ஒண்டு வாங்கிக் குடுங்க, ஸ்டீரொய்ட் பஃப் எண்டா பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க.