வேளாங்கண்ணியில் மொட்டை போடுவது மதக் கலப்பா?

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறார்கள், மொட்டை போடுகிறார்கள். இது கலப்பு மதமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலப்புதான். ஆனால் கலந்தது பெரும்பாலும் வழிபடும் முறை, கொள்கை அல்ல. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே போய்ப் பாருங்கள். கொடியேற்றம், தேர்பவனி, முடிகாணிக்கை என்று அப்படியே நம் ஊர்த் திருவிழா. கோயிலுக்குள் நடக்கும் திருப்பலி என்ற கத்தோலிக்க வழிபாடு மட்டும் ரோமில் நடப்பதேதான். நேர்ந்துகொண்டால் முடி கொடுக்க வேண்டும் என்பது இந்த மண்ணின் பழக்கம். யாரிடம் நேர்ந்துகொள்வது என்பதில்தான் ஆள் மாறுகிறார்கள்.

பக்கத்து நாகூரிலும் இதே கதை. தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இந்துக்கள் இன்றும் அங்கே வெள்ளித் தகடு காணிக்கை செலுத்துகிறார்கள். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று கண்டிக்கும் முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் நோக்கில் அது நியாயமான வாதமே.

கொள்கையையே கலக்கப் பார்த்தவர் அக்பர். 1582 வாக்கில் பல மதக் கருத்துகளைச் சேர்த்து அவர் தொடங்கிய தீன் இலாஹி என்ற நெறியில் சேர்ந்தது பீர்பால் உட்பட வெகு சிலர்தான். அவருக்குப் பிறகு அது நிலைக்கவில்லை. அரண்மனையில் பிறந்தது, பாவம், சந்தைக்கு வரவே இல்லை.