புடவை என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

நான் விஸ்காம் இறுதியாண்டு மாணவன். புகைப்படம் எடுத்து அதன்மேல் டேப்லெட்டில் வண்ணம் தீட்டுகிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த ஒரு பாட்டியின் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். புகைப்படப் பிரிவில் ‘இது ஓவியம்’ என்றார்கள். ஓவியப் பிரிவில் ‘இது போட்டோ’ என்றார்கள். நான் செய்வது கலையா, இல்லையா? எந்த மென்பொருள் இதற்கு நல்லது? ஏஐ வந்தபிறகு இதற்கெல்லாம் மதிப்பு இருக்குமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்களைத்தான் நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

மென்பொருள் எதுவானாலும் சரி, கைக்குப் பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. போட்டி முடிவையும் மறந்துவிடுங்கள்.

டிரைப் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அந்தக் காலத்து நெகட்டிவ்கள் நீல வெளிச்சத்தை மட்டும் அளவுக்குமேல் வாங்கும். கோபுரமும் மண்டபமும் சரியாகப் பதியும்வரை லென்ஸைத் திறந்துவைத்தால் அதற்குள் வானம் வெளுத்துப்போகும். மேகம் இருந்த சுவடே இருக்காது. அதனால் அவர் நெகட்டிவின்மேல் வண்ணம் தொட்டு மேகங்களைத் தானே வரைந்தார். மரத்தின் இலைகளையும் சரிசெய்தார். நெகட்டிவில் கறுப்பு வைத்த இடத்தில்தான் பிரின்டில் வெளிச்சம் வரும், ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாக யோசித்துத் தீட்ட வேண்டும். அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக்கியும் இருக்கிறார். 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், சில ஆண்டுகளிலேயே அங்கே புகைப்படத்தையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். இரண்டும் இங்கே ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவைதான். ‘இது போட்டோவா ஓவியமா’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆனால் இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வி அல்ல. உங்கள் படத்தைத் திறந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பாட்டியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மெழுகுபோல வழித்து வைத்திருக்கிறீர்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள் எங்கே? உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து புடவைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். உங்கள் படத்தில் மணிக்கட்டருகே ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் அழிக்க மறந்து நிற்கிறது. அதன்மேல் நீலப் பட்டுச் சால்வை! பின்னால் ஊதா வானம். இதையெல்லாம் யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

யாரைக் கேட்டு என்று நான் சொல்வது திட்டுவதற்காக அல்ல. நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் என் அத்தை பிரசவத்தில் இறந்துபோனார். அவர் இருந்த படம் ஒன்றே ஒன்று. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ, அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு முகம். அப்பா அதை எங்கள் ஊர் ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனார், நானும் கூடப் போனேன். அங்கே டச்சிங் செய்பவர் ஒருவர் இருந்தார். படத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கி, நெகட்டிவில் பென்சிலால் ஊசிமுனைப் புள்ளிகளாக வைத்துச் சரிசெய்வார். பிரின்ட் போட்டபிறகு குச்சியில் பஞ்சு சுற்றி வண்ணம் தேய்ப்பார். அவர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “புடவை என்ன நிறம்?”

அப்பா அரக்கு என்றார். வீட்டுக்கு வந்து கேட்டால் சித்தப்பா மயில்கழுத்து என்கிறார். பாட்டி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்தப் புடவையைக் கிழித்துத்தான் பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். மிஞ்சிய கரைத்துண்டு ஒரு சாண் இருந்தது. அரக்கும் இல்லை, மயில்கழுத்தும் இல்லை. வாடாமல்லி. டச்சிங்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடித் துண்டில் வண்ணத்தைக் குழைத்து, மறுபடி பார்த்து, மறுபடி குழைத்தார். நான் அன்று மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

படம் வந்தது. பாட்டி வாங்கிப் பார்த்தார். “இது என் பொண்ணு இல்லை” என்றார்.

அத்தைக்கு மூக்கின் இடது ஓரத்தில் ஒரு மச்சம். அதைப் பழைய படத்தில் விழுந்த கறை என்று நினைத்து அவர் பென்சிலால் மூடியிருந்தார். நெகட்டிவில் மச்சம் வெறும் இடமாகத்தான் தெரியும், அதில் பென்சில் ஏறினால் பிரின்டில் மச்சம் போய்விடும். அப்பா சங்கடத்தோடு போய்ச் சொன்னார். அந்த மனிதர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நெகட்டிவை எடுத்து அந்த இடத்துப் பென்சிலை மட்டும் துடைத்து, வேறு பிரின்ட் போட்டு, வாடாமல்லியை மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். பத்து நாள் ஆனது. இரண்டாவது படத்துக்குக் காசு வாங்கவில்லை.

வாடாமல்லி இப்போது வெளிறிவிட்டது. மச்சம் அப்படியே இருக்கிறது.

அவரிடம் இருந்தது நாலைந்து வண்ணப் புட்டியும் பஞ்சும்தான். உங்களிடம் கோடி நிறங்கள் இருக்கின்றன, தப்பினால் ஒரு தட்டில் பின்னால் போகலாம். உங்களுக்குக் கை நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். உப்புக் குவியலின் நிழலில் நீங்கள் வைத்திருக்கும் அந்த மங்கலான பச்சையை நான் வெகுநேரம் பார்த்தேன். உப்பு மதியத்தில் அப்படித்தான் இருக்கும். அதை நீங்கள் அங்கே நின்று பார்த்திருக்கிறீர்கள். டிரைப் வானத்தில் மேகம் போட்டார், ஏனென்றால் அவருடைய காகிதத்துக்கு மேகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் கேமரா அந்தப் பாதங்களை நன்றாகவே பார்த்தது. அழித்தது நீங்கள்.

மூலப் படம் உங்களிடம் இருக்கும். மேலே இருக்கிற லேயர்களை அணைத்துவிட்டு அதை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள், வண்ணத்தைத் தொட வேண்டாம். அப்புறம் ஒரு பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போங்கள். அந்த அம்மாவிடம் கொடுத்து, அந்தச் சட்டை யாருடையது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது, அதற்கு முன்னால் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.