இன்-ஆ, ஆன்-ஆ, அட்-ஆ?

கேள்வி: இங்கிலீஷ்ல இன், ஆன், அட் எங்க எது போடணும்னே தெரியல, லுக் ஆஃப்டர், லுக் ஃபார் வேற குழப்புது. ரூல் இருக்கா சார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நாம பெட்டில, மேசைல, பஸ் ஸ்டாப்லனு எல்லாத்துக்கும் ஒரே 'ல' போட்டுடறோம்மா, இங்கிலீஷ்ல அது மூணா பிரியுது, உள்ள இருந்தா இன், மேல ஒட்டி இருந்தா ஆன், ஒரு பாயிண்ட்னா அட். நேரத்துக்கு அட் ஃபைவ், ஆன் மண்டே, இன் மே.

லுக் ஆஃப்டர் மாதிரி வினைச்சொல்லோட ஒரு சின்ன வார்த்தை சேர்ந்து வேற அர்த்தம் தர்றதுதான் ஃப்ரேசல் வெர்ப், அதுக்கு ரூல் தேடி அலையாதீங்க. லுக் ஆஃப்டர்னா பாத்துக்கறது, லுக் ஃபார்னா தேடறது, லுக் இன்டுன்னா விசாரிக்கறது, இதை லிஸ்ட்டா மனப்பாடம் பண்ணா நிக்கவே நிக்காது, முழு வாக்கியமா எழுதி வாய்விட்டு சொல்லுங்க. 'அதை எடு'ன்னு சொல்ல பிக் அப் இட் தப்பு, இட்டை நடுவுல வெச்சு பிக் இட் அப் தான் சரி, ஆனா லுக் ஆஃப்டரை அப்படி பிரிக்க முடியாது. அப்புறம் தயவுசெஞ்சு டிஸ்கஸ் பின்னாடி அபவுட் போடாதீங்கம்மா!