பெர்லில் பிரிண்ட் வரிகளைத் தொடாமல் எஸ்டிடிஅவுட்டின் போக்கை மாற்ற முடியுமா?

பழைய ஸ்கிரிப்டில் நூற்றுக்கணக்கான பிரிண்ட் வரிகள் இருக்கின்றன, எதையும் திருத்தாமல் வெளியீட்டின் ஒவ்வொரு வரிக்கு முன்பும் நேரம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ‘டை’ (tie) என்ற வசதியால் எஸ்டிடிஅவுட்டை (STDOUT, நிரலின் வெளியீடு போகும் வழி) உங்கள் வகுப்பு ஒன்றோடு கட்டிவிடலாம். அதன் பிறகு ஸ்கிரிப்ட் எங்கே பிரிண்ட் செய்தாலும் அந்த வகுப்பின் மெத்தட்தான் ஓடும்.

நான் முதலில் எழுதியபோது, மெத்தடுக்குள் நேரத்தைச் சேர்த்துவிட்டு மறுபடியும் எஸ்டிடிஅவுட்டுக்கே எழுதினேன். அது திரும்பவும் அதே மெத்தடை அழைத்தது. ‘டீப் ரிகர்ஷன்’ (ஒரு மெத்தட் தன்னையே ஓயாமல் அழைக்கிறது) என்ற எச்சரிக்கை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கட்டுவதற்கு முன்பே உண்மையான ஹேண்டிலை, அதாவது மூல எஸ்டிடிஅவுட்டை, நகலெடுத்து வைத்துக்கொண்டு, நகலுக்கு எழுத வேண்டும். எழுதியதைத் தேக்காமல் உடனே அனுப்பும் ஆட்டோஃப்ளஷை நகலுக்குத் தனியாகப் போட வேண்டும்; மூல ஹேண்டிலுக்குப் போட்டது இதற்கு வராது.

உண்மையான வேலை பாதியில் நிற்கும் வரிகளில் இருக்கிறது. “ஏற்றப்படுகிறது...” என்று புதுவரி இல்லாமல் அச்சிட்டு, சற்றுப் பொறுத்து “சரி” என்று அதே வரியை முடிக்கும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். ஒவ்வொரு பிரிண்ட் அழைப்புக்கும் ஒரு நேரம் சேர்த்தால் ஒரே வரியில் இரண்டு நேரம் விழும். ஆகவே வரியின் தொடக்கத்தில் இருக்கிறோமா, நடுவிலா என்பதை ஆப்ஜெக்ட் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் ‘சே’ (say), புதுவரியோடு அச்சிடும் கட்டளை. அது, பிரிண்ட் தன் உரையின் முடிவில் சேர்க்கும் $\ மாறியில் புதுவரியைத் தற்காலிகமாக வைத்துவிட்டு, பிரிண்ட் மெத்தடையே அழைக்கிறது. நீங்கள் $\ஐ உரையோடு சேர்த்துவிட்டு நகலுக்கு எழுதினால், அந்த உள் பிரிண்டும் அதைச் சேர்க்கும். வரிக்கு வரி ஒரு வெற்று வரி வந்து நிற்கும். மெத்தடுக்குள் $\ஐ லோக்கல் செய்து (அங்கே மட்டும் தற்காலிகமாக) காலியாக்குங்கள். இதையெல்லாம் கையால் எழுதுவதைவிட, பெர்லோடு வரும் டை::ஹேண்டில் வகுப்பிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அதில் பிரிண்ட், பிரிண்ட்எஃப் இரண்டும் ரைட் மெத்தடுக்கே வந்து சேரும். $\ வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆப்ஜெக்டை உருவாக்கும் டைஹேண்டில் மெத்தடோடு ரைட்டையும் நீங்கள் எழுதினால் போதும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். டை பிடிப்பது பெர்ல் தானே எழுதுவதை மட்டும். ‘சிஸ்டம்’ கட்டளை மூலம் ஓடும் வெளி நிரல் நேராக ஃபைல் டிஸ்கிரிப்டர் 1க்கு (இயங்குதளம் எஸ்டிடிஅவுட்டுக்குத் தரும் எண்) எழுதுகிறது. அங்கே உங்கள் வகுப்பு இல்லை. என் பதிவுக் கோப்பில் நேரம் இல்லாத வரிகள் இடையிடையே வந்ததற்கு இதுவே காரணம்.

ஆகவே ஸ்கிரிப்டில் சிஸ்டம் அழைப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் டை போதும். இருந்தால் எஸ்டிடிஅவுட்டைப் பைப்பாக (ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) திறந்து ஃபோர்க் செய்யுங்கள், அதாவது நிரலின் நகலாக ஒரு சேய் நிரலைக் கிளப்புங்கள். சேய் நிரல் தன் எஸ்டிடிஇன்னிலிருந்து (STDIN, உள்ளீடு வரும் வழி) வரி வரியாகப் படித்து நேரத்தைச் சேர்க்கட்டும். வெளி நிரல்களும் அந்தப் பைப்பிலேயே எழுதும். முடிவில் எஸ்டிடிஅவுட்டை க்ளோஸ் செய்ய மறவாதீர்கள். சேய் முடியும்வரை அந்த க்ளோஸ் காத்திருக்கும்.